இதயம் ஜாடிக்குப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் எகிப்திய மம்மிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘மன்னரின் இதயத்தையும் மூளையையும் ஜாடிகளில் அடைத்து, திருடர்களை மிரட்ட மிருகத் தலை மூடி போட்டார்கள்’ என்ற வரியை, விலங்கியல் பாடம் எடுத்தே ஓய்வு பெற்ற என்னால் சும்மா விட முடியவில்லை.

மூளையை அவர்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மூக்கு வழியாக எடுத்து வீசிவிட்டார்கள். அறிவு குடியிருப்பது இதயத்தில் என்பது அவர்கள் நம்பிக்கை. செத்தபின் நடக்கும் விசாரணையில், உண்மைக்கும் நீதிக்கும் தேவியான மாஅத்தின் இறகுக்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கப்போவதும் அதைத்தான். அதனால் அதை உடலிலேயே விட்டுவைத்தார்கள். ஜாடிக்குப் போனவை ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல். ஹோரஸ் என்ற கடவுளின் நான்கு பிள்ளைகள் இவற்றுக்குக் காவல்: ஈரலுக்கு மனிதத் தலை இம்செட்டி, நுரையீரலுக்கு பபூன் குரங்குத் தலை ஹாப்பி, இரைப்பைக்கு நரித் தலை துவாமுட்டெஃப், குடலுக்கு வல்லூறுத் தலை கெபெசெனுவெஃப். காவலுக்கும் காவலாக ஐசிஸ், நெப்திஸ், நெய்த், செர்கெட் என்று நான்கு தேவியர்.

மிரட்டல் கதைக்கு நீங்கள் போட்ட மன்னர் துட்டன்காமன் படமே பதில் சொல்கிறது. அவருடைய உறுப்புகளை வைத்த கால்சைட் கல் பெட்டியின் நான்கு மூடிகளிலும் இருப்பது மனித முகம். மிருகத் தலைகள் பரவலானது அவர் காலத்துக்குப் பிறகுதான். அந்தப் பெட்டியை உள்ளே வைத்திருந்த தங்கப் பேழையின் நான்கு பக்கமும் நிற்கும் தேவியரைப் பாருங்கள். கைகளை விரித்துப் பேழையை அணைத்திருக்கிறார்கள். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. செர்கெட்டின் உச்சந்தலையில் ஒரு தேள். மற்றபடி நால்வரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் முகத்தோடுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. சுமார் கி.மு. 1070-இல் தொடங்கும் 21ஆம் வம்சக் காலத்தில், உறுப்புகளைப் பதப்படுத்திப் பொட்டலமாக்கி உடலுக்குள்ளேயே திரும்ப வைக்கத் தொடங்கினார்கள். சரி, ஜாடிக்கு வேலை போயிற்று என்றுதானே நினைப்போம்? இல்லை. உள்ளே குடையாத போலி ஜாடிகளைச் செய்து கல்லறையில் வைத்தார்கள். சேமிக்க எதுவும் இல்லாவிட்டாலும் காவலுக்கு ஹோரஸின் அந்தப் பிள்ளைகள் நால்வரும் வேண்டும்!

பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பக்கங்களை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள். அப்படியே, ஹாப்பியின் படத்துக்குக் கீழே ‘சிங்கத் தலை’ என்று அச்சாகியிருப்பதையும் மாற்றிவிடுங்கள். ஆண் பபூனுக்கும் பிடரி உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை