கருமணலை எடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள்

ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகா கடற்புறத்திலிருந்து வணக்கம்.

கருமணல் எடுக்கக் குறித்திருப்பது எங்கள் கீழ்மிடாலம், கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேர். கோப்பு உங்களிடம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. சரி, வேறு தேதி வரும் என்றிருந்தோம். 2025 செப்டம்பரில் உங்கள் குறிப்பாணைதான் வந்தது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் என்றால் இனி மக்களைக் கேட்கவே வேண்டாமாம்.

அவசரம் புரிகிறது. அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்ற, சீனா 2025 ஏப்ரலில், காந்தம், சிப் போன்றவற்றுக்கு வேண்டிய ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. அக்டோபரில் நுண்ணிய சிப் தயாரிப்புக்குப் போகும் தனிமங்கள் வரைக்கும் கைவைத்து, அப்புறம் அந்த அக்டோபர் கட்டுப்பாட்டை நிறுத்தி வைத்தது. ஆனால் அந்த ஏழில் டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனரகத் தனிமங்களே அதிகம். எங்கள் கருமணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் மிகுதியாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம். பிறகு எதற்கு இந்த ஓட்டம்?

1909இல் கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட்டைக் கண்ட ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். காஸ் விளக்கு மேண்டிலுக்கு, அதிலுள்ள கதிர்வீசும் தோரியம் வேண்டியிருந்தது. பிறகு அணுசக்தி, இப்போது சிப். அன்று நடந்தது மன்னராட்சி, குடிகளைக் கேட்காததில் ஆச்சரியமில்லை.

எங்கள் தெருவில் கேன்சர் வந்த வீடுகள் உண்டு. இருட்டோடு குழித்துறையில் ரயிலேறி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டோக்கன், ஸ்கேன், மருந்து என்று பகல் போய்விடும். கூடப் போகிற மகனுக்கு அன்றைய கடல் போச்சு, வள்ளத்தில் பங்கும் கிடையாது. மறுவாரம் திரும்பவும் இதே பாடு. மணல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இதே மணலின் கதிர்வீச்சால் கேன்சர் கூடுகிறதா என்று பார்த்த கருநாகப்பள்ளி ஆய்வில் அப்படித் தெரியவில்லை என்பீர்கள். அது கேரளத்து ஊர். எங்கள் கரையில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, அதை எங்கள் முன் வைத்துப் பேசுங்கள். அதற்குத்தான் கூட்டம் கேட்கிறோம்.

கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்ற கற்சுவர் கேட்டால் ஆய்வு நடக்கிறது என்பார்கள், வருடக்கணக்காக நடக்கும். மணல் அள்ள மட்டும் ஒரே தாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சிப் ஆலை குஜராத்தின் தோலேராவுக்கு, குழி கிள்ளியூருக்கு. நல்ல பங்கீடு!

கோபம் முந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: அந்த விலக்கைத் திரும்பப் பெறுங்கள், கூட்டத்தை நடத்துங்கள். கடற்புறத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வையுங்கள், அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. சுற்றுச்சூழல் அறிக்கை முழுவதும் தமிழில், ஒரு மாதம் முன்பே ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கடற்புறத்துக் குடிமகன் ஒருவன்