நூறு வயதானால் உரிமம் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பழந்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1836-இல் சாமுவேல் கோல்ட் என்பவர் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய கதையெல்லாம் சரி. ஆனால் நூறு வயது தாண்டிய துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்களே! அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிற வீடுகள் இன்னும் உண்டு. துப்பாக்கி பழுதுபார்த்தே முடி நரைத்தவன், பார்த்துத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவிலேயே அப்படி வயதுக் கணக்கு கிடையாது. அவர்களுடைய 1968-ஆம் வருடத்து மத்தியச் சட்டப்படி, 1898 முடியச் செய்ததுதான் பழம்பொருள். 1899-இல் செய்தது இன்றைக்கும் அதில் சேராது. வின்செஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1894 மாடல் துப்பாக்கியில் இந்தக் கூத்தை நன்றாகப் பார்க்கலாம். குழலில் பொறித்திருக்கும் 1894 காப்புரிமை பெற்ற வருடம். செய்த வருடம் என்று நினைத்துப் பணத்தை விடுகிறவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர், செய்த வருடத்தைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் இருக்கிற வரிசை எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

நம்முடைய 1959 ஆயுதச் சட்டம் இன்னும் கறார். பழம்பொருளே ஆனாலும், பழுதுபார்த்தாலும் சுடாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு. குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிதானே என்பார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்ததில் பலவும் துருவைத் தட்டி, ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடக்கூடியவை. உரிமம் உள்ள நாங்களே தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம். உங்கள் வரியை நம்பி ஒருவர் சும்மா இருந்துவிட்டால் அவர் கதி?

இன்னொன்று. அந்த 1894 மாடலை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜான் பிரௌனிங். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அவர் வடிவமைத்த கைத்துப்பாக்கிகளைப் பெல்ஜியத்தில் எஃப்.என். என்ற ஆயுத ஆலை செய்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கிதான். திருநெல்வேலிப் பதிப்பில் இதை விடலாமா?

அப்புறம், உரிமத்தோடு பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். புதுப் பளபளப்பு ஏற்றினால் சேகரிப்பவர் தரும் விலை பாதாளத்துக்குப் போய்விடும். லேசாக எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் போதும்.

உரிமம் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துப்பாக்கி மெக்கானிக்,
பாளையங்கோட்டை.