இந்த வாரம்: எண்பதுகளின் திகில் படங்கள்

நண்பர்களே, எண்பதுகளில் வந்த திகில் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஞாயிறு இரவுக்குள் இங்கே எழுதுங்கள்.

என் தேர்வு ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' (1982). அண்டார்க்டிகா ஆய்வு நிலையத்தில் 12 பேர். அவர்களில் யார் மனிதர், யார் மனித உருவெடுத்த வேற்றுகிரக உயிர் என்று தெரியாது. சுடுகம்பியால் ஒவ்வொருவர் ரத்தத்தையும் சோதிக்கும் காட்சி இருக்கிறதே, மூச்சே நின்றுவிடும்! கணினி வரைகலை கைகொடுக்காத காலத்தில் ராப் பாட்டின் (Rob Bottin) என்ற ஒப்பனைக் கலைஞரின் குழு கையால் செய்த உருவங்கள் இன்றும் உடம்பைக் கூசவைக்கின்றன. வெளியானபோது விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள்; பெரிய அநியாயம்.

'தி ஷைனிங்', 'தி ஃப்ளை' ரசிகர்களும் வாருங்கள். ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரியாவது வேண்டும். பார்க்காதவர்களும் இருக்கிறார்கள், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.