தெக்கோங் தீவுக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

அடுத்த வாரம் நீ சிங்கப்பூர் இராணுவத்தின் அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் படகேறுகிறாய். அழைப்புக் கடிதம் வந்த அன்று அம்மா என்ன சொன்னாள், அதன்பின் நீ ஏன் என்னோடு பேசாமல் இருந்தாய் என்பதெல்லாம் உனக்குத் தெரியும்; மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நேரில் பேசத் தொடங்கினால் நீ எழுந்து அறைக்குள் போய்விடுவாய், நான் குரலை உயர்த்திவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன். நம் உறவினர்களும் என்னோடு வேலை செய்பவர்களும் இதைப் படிப்பார்கள். சில இடங்களில் நான் சொல்லாமல் விடுவதை நீயே இட்டு நிரப்பிக்கொள்.

சிங்கப்பூரில் 1967இல் தேசிய சேவை என்னும் இராணுவப் பணி இளைஞர்களுக்குக் கட்டாயமானபோது, நல்ல இரும்பை யாரும் ஆணியாக அடிப்பதில்லை, நல்ல பிள்ளை சிப்பாயாவதில்லை என்ற சீனப் பழமொழியைச் சொல்லித் தயங்கிய பெற்றோர் இருந்தார்கள். இன்று உன் நண்பர்களை அனுப்பிவைக்கும் அப்பாக்களில் பெரும்பாலோர் தாங்களே போய் வந்தவர்கள். பிள்ளைக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவர்கள் உடம்பால் அறிவார்கள். நானோ முதல் தலைமுறை நிரந்தரவாசி என்பதால் விலக்குப் பெற்றவன். என் விண்ணப்பத்தில் நான்கு வயதுப் பிள்ளையான உன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டபோது, எனக்கு இல்லாத கடமை ஒன்றை உனக்கு எழுதிக் கொடுத்தேன்.

அதனால்தான் நீ என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பூட்ஸ் கடித்துக் கொப்புளம் வந்தால் என்ன செய்வது, இரவில் எவ்வளவு நேரம் கைப்பேசியைத் தருவார்கள் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் கேட்கிறாய். அந்தக் காலத்தில் இரண்டரை ஆண்டுச் சேவை முடித்த அவர் தாழ்வாரத்தில் நின்று, நேராக நில் என்பதற்கு "செடியா" என்று மலாயில் கட்டளையிட, நீ சிரித்துக்கொண்டே விறைத்து நின்றதைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நல்ல மனிதர். இருந்தாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ தொடக்கநிலை ஆறில் படித்த ஆண்டு, என் நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்த இரவு உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் இதுவரை கேட்டதில்லை. நீ கூடத்தில் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். 13 வயதாகிவிட்டால் வெளிநாட்டில் நெடுநாள் தங்குவதற்கே எக்சிட் பர்மிட் என்ற அரசு அனுமதி வேண்டும், ஆகவே அதற்குள் பையனைத் திருச்சிக்கு அனுப்பி அப்பாயியிடம் விட்டுவிடு, நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நீ பென்சிலை நிறுத்தாமல், தலையையும் தூக்காமல், "அங்க எனக்கு யாரைப்பா தெரியும்?" என்று கேட்டாய். நண்பர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, எனக்குள் ஏதோ இறங்கி இலேசானது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "பையனே இங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டான்" என்று சொல்லிவந்தேன். நீ அப்படிச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கேள்வியைச் சம்மதமாக்கி அதன் நிழலில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்ததற்காக என்னை மன்னித்துவிடு.

ஆனால் அந்த முடிவுக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். உன் பள்ளி, உன் நண்பர்கள், நீ கனவில் உளறும் மொழி எல்லாம் இங்கே இருந்தன. அவற்றிலிருந்து உன்னைப் பிடுங்கி எடுத்திருந்தால் அதற்கும் ஒருநாள் உன்னிடம் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிடும் பிள்ளை பிறகு இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது எதிராகவே நிற்கும் என்பதையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. வேறு வழியில் போன குடும்பங்கள் உண்டு. அவர்களும் இதைப் படிப்பார்கள். அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கு, அதற்குமேல் நான் எழுதவில்லை.

இழப்பே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரியை முடிக்கும்வரை தள்ளிவைக்க இடம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு அந்த இடமில்லை. திருச்சியில் உன் அத்தை மகன் பொறியியலில் மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போதுதான் நீ முதல் வகுப்பில் உட்காருவாய். முழுநேரச் சேவை முடிந்த பிறகும் 40 வயதுவரை, அதிகாரியானால் 50 வரை, உன்னைத் திரும்ப அழைக்கலாம். உன் தங்கைக்கு இது எதுவும் இல்லை என்று அம்மா நிம்மதிப்படும்போது உன் முகம் போகும் போக்கை நான் கவனிக்காமல் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் உன் நண்பனிடம், "எங்கப்பாவுக்கென்ன, சும்மா கையெழுத்துப் போட்டாரு" என்றாய். சும்மா போடவில்லையடா. ஊரில் தனியாக இருந்த தாயையும் விட்டுவிட்டுத்தான் போட்டேன். உனக்கு 2 ஆண்டு; நான் விட்டுவந்ததற்குக் கெடு யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழிக்கப்போவதில்லை.

முதல் நாள் நாங்களும் உன்னோடு படகில் வருவோம். படுக்கும் இடத்தைக் காட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கவிடுவார்கள், உணவுக்கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடலாம், பிறகு எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா அழமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழுதால் நண்பர்கள் பார்க்கிறார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

இன்னொன்று. முகாமிலிருந்து வீட்டுக்கு விடும் முதல் புக் அவுட் அன்று, இக்கரையில் பாசிர் ரிஸ்ஸில் நான் காத்திருக்கட்டுமா, அல்லது நண்பர்களோடு எங்காவது சாப்பிட்டுவிட்டு வருவாயா? இப்போதே சொல்லிவிடு. நண்பர்களோடுதான் என்றால் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா