ஒரு ஜன்னலுக்கு மூன்று படம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணுக்கு இன்னும் ஒரு மாதம் போகவேண்டும். அதுவரை எனக்கு இரண்டு உலகம். வலது கண்ணால் பார்த்தால் சுவர் பளிச்சென்று வெள்ளை. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய காகிதம் மாதிரி மஞ்சள், கொஞ்சம் இருட்டும்கூட. இத்தனை வருஷமாக அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டு படங்களுக்கு வண்ணம் திருத்தியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள். ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தேன், மூடி வைத்துவிட்டேன்.

சரி, உன் ஜன்னலுக்கு வருகிறேன். அறைக்குச் சரியாக எடுத்தால் ஜன்னல் வெள்ளைத் தாளாகிவிடுகிறது, ஜன்னலுக்குச் சரியாக எடுத்தால் அறை குகையாகிவிடுகிறது, புதுக் கேமராவில் ஏதோ கோளாறு என்று எழுதியிருந்தாய். கோளாறு ஒன்றுமில்லை. நீ அறைக்குள் நின்று பார்க்கும்போது உன் கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. ஜன்னல் பக்கம் போனதும் பாவை சுருங்கும், மூலைக்குத் திரும்பினால் விரியும், மீதியை மூளை தைத்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கிளிக்குக்கு ஒரு அளவுதான். வெயிலில் இருக்கும் மரத்துக்கும் வீட்டுக்குள் ஜன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் மூலைக்கும் ஒன்பது பத்து ஸ்டாப் வித்தியாசம் சர்வசாதாரணம். ஸ்டாப் என்பது வெளிச்சத்தை அளக்கும் படி; ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால் பத்து ஸ்டாப் என்பது பத்து மடங்கு இல்லை, 1024 மடங்கு. அதைப் போய் ஒரே கிளிக்கில் அடக்கச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்.

பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுப்பது, எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். கேட்டதும் எனக்கு நம் ஸ்லைடு ஃபிலிம் காலம்தான் ஞாபகம் வந்தது. ரோலுக்கு 36 படம். நீ பயந்தவன், ஒவ்வொரு காட்சிக்கும் கேமராவின் வெளிச்ச மீட்டர் சொன்னபடி ஒன்று, அரை ஸ்டாப் குறைத்து ஒன்று, அரை ஸ்டாப் கூட்டி ஒன்று என்று எடுப்பாய். பன்னிரண்டு காட்சியோடு ரோல் காலி. நான் கஞ்சன்; ஒன்றே ஒன்று எடுத்துவிட்டு, கழுவி வந்ததும் பாதியைத் தூக்கிப் போடுவேன். அன்று மூன்று எடுத்தது, மூன்றில் எது சரி என்று பிறகு பொறுக்கிக்கொள்ள. இன்று நீ கேட்பது அது இல்லை. உனக்கு மூன்றுமே வேண்டும். ஜன்னலை ஒன்றிலிருந்தும் மூலையை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்க்கப்போகிறாய். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. கேமராவோடு வரும் கையேடு இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் நேராகப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பலபேர் இடைவெளியை மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்பில் வைத்து, கிட்டத்தட்ட ஒரே மாதிரி மூன்று படத்தை எடுத்துக்கொண்டு, சேர்த்தாலும் ஒன்றும் ஆகவில்லையே என்று விழிக்கிறார்கள். பொறுக்குவதற்கு என்றால் அரை ஸ்டாப், மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் போதும். சேர்ப்பதற்கு என்றால் இரண்டு ஸ்டாப் வை. மைனஸ் 2, 0, பிளஸ் 2.

அதற்குமுன் கேமராவைக் கட்டிப்போடவேண்டும். மூன்று படத்திலும் வெளிச்சம் மட்டும்தான் மாறலாம், வேறு எதுவும் அசையக்கூடாது. டயலை அபெர்ச்சர் ப்ரையாரிட்டிக்குத் திருப்பு, எஃப் 8 வை. லென்ஸ் துளையின் அளவை (அபெர்ச்சர்) நீ வைப்பாய், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஷட்டர் ப்ரையாரிட்டியில் வைத்தால் கேமரா அபெர்ச்சரை மாற்றித்தான் பிராக்கெட் செய்யும்; ஒரு படத்தில் பின்னால் இருக்கும் அலமாரி கூர்மையாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் வரும், ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. உணர்திறனைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட்டு 100இல் நிறுத்து. எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸையும் ஏதாவது ஒன்றில் நிறுத்திவிடு. ரா ஃபைலில், அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில், எடுத்தால் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்; கேமராவே சமைத்துத் தரும் ஜேபெக் என்றால் அவ்வளவு சரியாக வராது. ஃபோகஸை ஒருமுறை ஆட்டோவில் பிடித்ததும் மேனுவலுக்குத் தள்ளிவிடு. இல்லையென்றால் இரண்டாவது படத்துக்கு அது புதிதாகத் தேட ஆரம்பிக்கும். ஃபிளாஷ் மூடியே இருக்கட்டும்.

இன்னொன்று. கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்றும் நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்றும் ஒரு உதவி இருக்கும். நீ கேட்காமலே இருட்டைத் தூக்கிவிடுகிற உதவி. நீ வேண்டுமென்றே இருட்டாக எடுக்கும்போது அது வெளிச்சமாக்கப் பார்க்கும். அதை அணைத்துவிடு.

உன்னுடையது எந்தக் கம்பெனி என்று நீ எழுதவில்லை, எனவே எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கேனான் என்றால் மெனுவில், மீட்டர் சொன்னதைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனும் பிராக்கெட்டிங்குக்கான ஏஇபியும் (AEB) ஒரே வரியில் இருக்கும். உள்ளே போய் டயலைத் திருப்பினால் ஒற்றைக் கோடு மூன்றாகப் பிரியும். நிக்கானில் பிகேடி (BKT) என்று ஒரு பொத்தான். அதை அழுத்திக்கொண்டு ஒரு டயலால் எத்தனை படம், இன்னொன்றால் எவ்வளவு இடைவெளி. டி3000, டி3500 போன்ற தொடக்கநிலை நிக்கான்களில் இது கிடையாது. அதுதான் உன்னிடம் இருக்கிறதென்றால் காம்பென்சேஷனைக் கையால் மாற்றி மூன்றுமுறை எடு, ஒன்றும் குறைந்துவிடாது. சோனியிலும் ஃபியூஜியிலும் டிரைவ் மோடில், அதாவது ஒரு அழுத்துக்கு எத்தனை படம் என்று வைக்கும் இடத்தில், தேடு.

வைத்துவிட்டு ஒருமுறை அழுத்தினால் மூன்றும் வந்துவிடும் என்று நினைக்காதே. நான் நினைத்தேன். சிங்கிள் டிரைவில் இருந்தால் ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு படம்தான். முதன்முதலில் ஒரு பழைய மண்டபத்தை எடுக்கப் போய், ஒவ்வொரு கோணத்துக்கும் ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் கோணம் சரி, இரண்டாவது இருட்டு, மூன்றாவது வெளுப்பு, நான்காவது சரி. ஒரு கோணத்துக்கும் ஜோடி இல்லை. தொடர்ந்து எடுக்கும் கன்டினியூயஸில் வைத்து விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் மூன்றும் சட்டென்று வந்து தானே நிற்கும். அதைவிட நல்லது இரண்டு நொடி டைமர். கை படாததால் ஆட்டமும் இல்லை. சில கேமராவில் டைமரும் ஒரு படத்தோடு நின்றுவிடும், எத்தனை படம் என்று அதற்கெனத் தனியாகச் சொல்லிவைக்கவேண்டும்.

டிரைபாட் கட்டாயம் வேண்டுமா என்று கேட்பாய். கணக்குப் போட்டுப் பார். மீட்டர் 1/15 நொடி சொல்கிறது என்றால் இருட்டுப் படம் 1/60, வெளுப்புப் படம் 1/4. கால் நொடி கையில் பிடித்து நிற்கும் வயதா நமக்கு? டிரைபாடில் ஏற்றியபின் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடு. பழைய லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடிக்கொண்டு தானே ஆடும்.

எடுத்தபின் திரையில் படத்தைப் பார்த்து மயங்காதே, ஹிஸ்டோகிராமைப் பார்; இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தை மலை மாதிரி காட்டும் வரைபடம் அது. இதைத்தான் நான் உன்னிடம் வற்புறுத்திச் சொல்வேன். மூன்றில் இருட்டான படம் ஜன்னலுக்காக. அதில் மலைக்கோடு வலது சுவரில் முட்டாமல் இறங்கியிருக்கவேண்டும். வெளுத்த படம் மூலைக்காக; அதில் கோடு இடது சுவரைவிட்டு விலகியிருக்கவேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் நடுப்படம் எப்படி இருந்தால் என்ன. மைனஸ் 2இலும் ஜன்னல் வெந்துபோயிருந்தால் பிராக்கெட்டைக் கலைக்காதே. காம்பென்சேஷனை மைனஸ் 1க்கு நகர்த்து. மூன்றும் கூட்டமாக நகர்ந்து மைனஸ் 3, மைனஸ் 1, பிளஸ் 1 என்று உட்காரும். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும் என்பது தெரிந்ததுதானே. சட்டத்துக்குள் ஜன்னல் பெரிதாக இருந்தால் நடுப்படமே இருட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும், அப்போது பிளஸ் பக்கம் நகர்த்த வேண்டிவரும். மூன்று போதாது என்றால் ஐந்து எடுக்கும் கேமராக்களும் உண்டு. ஆனால் முதலில் மூன்றை நகர்த்திப் பார்க்காமல் ஐந்துக்குப் போகிறவன் யோசிக்கச் சோம்பல்படுகிறான் என்பது என் கட்சி.

வரிசை சாதாரணமாக 0, மைனஸ், பிளஸ் என்று வரும். நான் மைனஸ், 0, பிளஸ் என்று மாற்றிவைத்திருக்கிறேன். நூறு சின்னப் படங்களுக்கு நடுவே எது எதோடு சேர்ந்தது என்று தெரிய அது உதவுகிறது. அதற்கும்மேல் ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் லென்ஸுக்கு முன்னால் கையை நீட்டி ஒரு படம். என் உள்ளங்கையை நான் எடுத்த அளவுக்கு வேறெதையும் எடுத்ததில்லை.

சேர்ப்பது சுலபம். மென்பொருள் தானே மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். 1997இல் டெபெவெக், மாலிக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான வெளிச்ச அளவைக் கணக்கிடும் வழியை எழுதினார்கள். அப்படிக் கிடைத்ததைத் திரைக்குள் அடக்குகிற இரண்டாவது வேலையில்தான் கூரையைச் சுற்றி ஒளிவட்டமும் மேகத்தில் இரும்புத்துருவும் வந்து சேர்ந்தன. 2007இல் மெர்ட்டன்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் இன்னொரு வழி சொன்னார்கள்: வெளிச்சத்தை அளக்கவே வேண்டாம், எந்தப் படத்தில் எந்த இடம் நன்றாக வந்திருக்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கலந்துவிடு என்று. இலவசமாகக் கிடைக்கும் என்ஃபியூஸ் என்ற மென்பொருள் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். கம்ப்யூட்டர் வந்தபின் வந்த வித்தை என்றும் நினைத்துவிடாதே. 1857 வாக்கில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, தொடுவானத்தில் ஒட்டவைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் இருந்த கண்ணாடித் தட்டு நீலத்துக்குத்தான் அதிகம் மயங்கும். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெந்துவிடும். உன் ஜன்னல் பிரச்சினையேதான்.

ஒன்று மட்டும் கேள். சேர்க்கும்போது ஜன்னலை அறையின் அளவுக்கு இறக்கிவிடாதே. ஜன்னல் என்றால் அறையைவிட வெளிச்சமாக இருக்கவேண்டும். வெளியே மரம் தெரிந்தால் போதும், இலையை எண்ணவேண்டாம். மூலையில் கொஞ்சம் இருட்டு கிடக்கட்டும். காற்று அடிக்கிற நேரமும் வேண்டாம், திரைச்சீலை மூன்று படத்தில் மூன்று இடத்தில் நின்றால் பேய் மாதிரி வரும்.

உன் பேத்தியின் போனில் அதே ஜன்னல் அழகாக வருகிறது என்று குத்திக் காட்டியிருந்தாய். வரத்தான் செய்யும், போன் உன்னைக் கேட்காமலே பல படம் எடுத்துக் கலந்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு இருட்டு மிஞ்சவேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. அது பிடித்திருந்தால் போனிலேயே எடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உண்மையைச் சொல்லப்போனால் இப்போதைய சென்சார்களில் ஜன்னலுக்குச் சரியாக ஒரே ஒரு ரா எடுத்து நிழலைத் தூக்கினாலே பாதி நேரம் காரியம் முடிந்துவிடுகிறது. நாலு ஸ்டாப் தூக்கினால் மூலையில் மணல் கொட்டிய மாதிரி வருகிறதா என்று பார். வந்தால் மட்டும் பிராக்கெட்டுக்கு வா.

வேலை முடிந்ததும் பிராக்கெட்டிங்கை அணைக்க மறக்காதே. பல கேனான்களில் கேமராவை அணைத்தால் அதுவும் போய்விடும். நிக்கானில் நீயே அதை அணைக்கும்வரை அப்படியே கிடக்கும். என்னுடையது இரண்டாம் ரகம். மண்டபத்துக்கு மறுவாரம் பறவை எடுக்கப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து, மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பார்த்த அந்த ஒரு படம் இரண்டு ஸ்டாப் வெளுப்பு. கேமரா பழுது என்று ரிப்பேருக்கு எடுத்துப் போனேன். அந்தப் பையன் ஒரு டயலைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான் பார், இன்னும் காதில் இருக்கிறது.

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதில்லை என்று போனமுறை எழுதியிருந்தாய், இந்த முறை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எடுத்ததும் மூன்று ரா ஃபைலையும் சேர்க்காமல் எனக்கு அனுப்பு. வலது கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
பழைய கஞ்சன்

பின்குறிப்பு: எடுப்பதற்கு முன் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிடு. இத்தனை நாள் வெள்ளையாக வெந்திருந்ததால் அதன் அழுக்கு உனக்குத் தெரிந்திருக்காது.