‘முழுக்கள்’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய கணக்குத் தேர்வு ரஃப் தாள்களின் படங்களை நேற்று இரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “மார்க்கைப் பார்க்காதேம்மா, நேரம் பத்தலை” என்று எழுதியிருந்தாய். மார்க்கைப் பார்க்கவில்லை, கிறுக்கலைத்தான் பார்த்தேன். 50 கேள்வி, 60 நிமிடம். ஒன்றுக்கு 72 நொடி. உன் கை வேகமாகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் ஓடவே வேண்டாத இடங்களில் ஓடியிருக்கிறது.

முதலில் அந்த வாகனக் கணக்கு. 83 பேரை 7 பேர் வண்டியிலும் 5 பேர் வண்டியிலும் ஓர் இடம்கூடக் காலியில்லாமல் ஏற்ற வேண்டும், குறைந்தது எத்தனை வண்டி என்ற கேள்வி. 7a + 5b = 83 என்று சரியாக எழுதிவிட்டு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறாய். இரண்டாவது சமன்பாட்டைத் தேடியிருக்கிறாய், இல்லையா? கேள்வியை மூன்று முறை படித்திருப்பாய். இரண்டு மாறிக்கு இரண்டு சமன்பாடு வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நம்மையெல்லாம் வளர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது சமன்பாடு அங்கேதான் இருந்தது. அரை வண்டி கிடையாது என்பதுதான் அது. 5b எப்போதும் 0-விலோ 5-லோ முடியும். 83-ல் அதைக் கழித்தால் 3 அல்லது 8-ல் முடியும் எண்தான் மிஞ்சும். அது 7-ன் மடங்காகவும் இருக்க வேண்டும், 83-ஐத் தாண்டவும் கூடாது. 28, 63, அவ்வளவுதான். 28 என்றால் 7 பேர் வண்டி 4, 5 பேர் வண்டி 11, மொத்தம் 15. 63 என்றால் 9-ம் 4-ம். விடை 13. எழுத ஒரு வரிகூட வேண்டாம். இந்த மாதிரிக் கணக்குக்கு ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் எழுதிய நூலிலேயே வழி இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதைக் ‘குட்டகம்’ என்றார்கள், இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்கள் வந்தால் அது வேண்டும். உன் தேர்வில் வருகிற சின்ன எண்களுக்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே போதும்.

நான் சொல்ல வந்தது இதுதான். ‘முழுக்கள்’ என்ற சொல்லைக் கேள்வித்தாளில் நீ அலங்காரம் மாதிரித் தாண்டிப் போகிறாய். பின்னமில்லாத எண்கள், மிகை, குறை, பூஜ்யம் எல்லாம் சேர்த்து, என்று பொருள். அது கொடுக்கப்பட்ட தகவல். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு மிகை முழுக்களின் பெருக்கற்பலன் 506 என்ற கணக்கை எடுத்துக்கொள். இருபடிச் சமன்பாடு, சூத்திரம், 2025-க்கு வர்க்கமூலம் என்று முக்கால் பக்கம் போயிருக்கிறது. விடை சரிதான், 22-ம் 23-ம். ஆனால் 20-ஐ 20-ஆல் பெருக்கினால் 400, 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625. இரண்டு எண்ணும் நடுவில் எங்கேயோ இருக்கின்றன. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கிக் கடைசியில் 6 வர வேண்டுமென்றால் 2, 3-ல் முடிய வேண்டும், இல்லை 7, 8-ல் முடிய வேண்டும். வேறு வழியே கிடையாது. 22, 23 தானாக வந்து நிற்கும். சூத்திரம் தெரிந்தவர்களுக்கு வருகிற சங்கடம் இது. கையில் சுத்தியல் இருக்கிறதென்று கதவு திறந்திருப்பதைப் பார்க்காமல் பூட்டை உடைக்கிறோம்.

அடுத்தடுத்த ஒற்றை எண்கள் மூன்றின் கூடுதல் 111, பெரியது எது என்ற கேள்வியில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. 2x+1, 2x+3, 2x+5 என்று வைத்து x = 17 கண்டுபிடித்து, அந்த 17-ஐயே விடையாகக் குறித்திருக்கிறாய். கேள்வி எடுத்தவருக்கு உன்னை முன்பே தெரியும் போல, ஆப்ஷனில் 17-ஐ வைத்திருக்கிறார். நடுவில் இருப்பதை x என்று வைத்திருந்தால் இந்த வலையே இல்லை. 111-ஐ 3-ஆல் வகுத்தால் நடு எண் 37, பெரியது 39. எண்கள் நான்காக இருந்தால் சராசரி எந்த எண்ணிலும் உட்காராது, நடு இரண்டுக்கும் இடையில் நிற்கும். நான்கு அடுத்தடுத்த இரட்டை எண்களின் கூடுதல் 108 என்றால் சராசரி 27, அதன் இருபக்கமும் 26, 28, அதற்கு வெளியே 24, 30.

எதை x என்று வைத்தாய் என்பதைத் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதிவை. ‘x = நடு’. இரண்டு நொடி ஆகும். 17-ஐக் குறிக்கிற விபத்து நடக்காது. வேகம் என்று சொல்லிக்கொண்டு நீ முதலில் வெட்டியெறிந்தது இந்த இரண்டு நொடியைத்தான்.

வாசிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் கேள்வி வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும். ‘பெரியது எது’, ‘கூடுதல் என்ன’, ‘எத்தனை’ எல்லாம் கடைசியில்தான் வரும். அதனால் கடைசி வரியை முதலில் படி, பிறகு மேலே போ. அடுத்தது வேற்றுமை உருபு. ‘ஓர் எண்ணிலிருந்து 12-ஐக் கழிக்க’ என்பதும் ‘12-லிருந்து ஓர் எண்ணைக் கழிக்க’ என்பதும் ஒன்றல்ல. ஒன்று x − 12, மற்றது 12 − x. எழுவாய், வேற்றுமை என்று இலக்கண வகுப்பில் நீ கொட்டாவி விட்டாயே, அந்த ‘ஐ’யும் ‘இலிருந்து’ம்தான் இங்கே கழித்தல் குறி எந்தப் பக்கம் போகும் என்று சொல்கின்றன. ‘விட’ என்ற சொல்லைக் கண்டால் மட்டும் வேகத்தைக் குறை. மூன்று மடங்கை விட 5 குறைவு என்றால் 3x − 5. 5 − 3x அல்ல.

ஈரிலக்க எண் கணக்கை நீ நன்றாகவே போட்டிருக்கிறாய், இன்னும் குறுக்கலாம். இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் வருகிற வித்தியாசம் எப்போதும் இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல 9 மடங்கு. 27 குறைகிறது என்றால் இலக்கங்களுக்குள் வித்தியாசம் 3. கூடுதல் 11 என்றால் 7-ம் 4-ம், எண் 74. மீதிக் கணக்கில் 4-ஆல் வகுத்தால் மீதி 3, 5-ஆல் வகுத்தால் 4, 6-ஆல் வகுத்தால் 5 என்று வந்ததே, மூன்றிலும் ஒன்று குறைகிறது என்பதை மட்டும் கவனி. மீச்சிறு பொது மடங்கு 60. எண் 60-ன் மடங்குக்கு ஒன்று முன்னால் நிற்கிறது. மிகச்சிறிய மூன்றிலக்க எண் 119.

குறை எண்களில்தான் உனக்கு உண்மையான ஓட்டை. −8-லிருந்து 5 வரை, இரண்டையும் சேர்த்து எத்தனை முழுக்கள் என்றதற்கு 13 என்று போட்டிருக்கிறாய். 14. பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 8, நடுவில் பூஜ்யம். அவசரத்தில் விட்டுப்போவது எப்போதும் அந்தப் பூஜ்யம்தான். அவற்றின் கூடுதலைக் கேட்டிருந்தால் −5-லிருந்து 5 வரை ஒன்றையொன்று அடித்துவிடும், மிஞ்சுவது −6, −7, −8. விடை −21. பெருக்கற்பலன் 36 வரும் இரண்டு முழுக்களின் மிகக் குறைந்த கூடுதலுக்கு 12 என்று போட்டிருக்கிறாய். −1-ம் −36-ம் உன் கண்ணில் படவே இல்லை. −37. கேள்வியில் ‘மிகை’ என்ற சொல் இல்லை, நீயாகச் சேர்த்துக்கொண்டாய்.

குறுக்குவழி என்று ஐம்பது அறுபது சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்களிடம் போகாதே. எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேடவே 72 நொடி போய்விடும். பத்து கணக்கை எடுத்து, பேனாவைத் தொடாமல், விடை ஒற்றையா இரட்டையா, எத்தனைக்குள் இருக்கும், எந்த இலக்கத்தில் முடியும் என்று மட்டும் சொல்லிப் பழகு. பாதிக் கேள்விகளில் ஆப்ஷன் இரண்டு அங்கேயே விழுந்துவிடும்.

நானும் ஒரு தேர்வில் ஒரே கணக்கோடு இருபது நிமிடம் மல்லுக்கு நின்றவள்தான். விடையும் வந்தது. மணியும் அடித்தது. பின்னால் இருந்த ஏழு கேள்வியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, அதில் நாலு எனக்குத் தெரிந்தவை. அதனால் ஒன்றரை நிமிடம் ஆயிற்று என்றால் வட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடு, திரும்ப வரலாம்.

ஒரு கணக்கு அனுப்புகிறேன். அடுத்தடுத்த மூன்று முழுக்கள், அவற்றின் பெருக்கற்பலனும் கூடுதலும் சமம். எவை? 1, 2, 3 என்று உடனே சொல்லிவிடுவாய். அப்பாவும் அதோடு நிறுத்திவிட்டுப் பெருமையாகப் படுக்கப் போய்விட்டார். இன்னும் இரண்டு இருக்கின்றன. அவரிடம் நீ சொல்லாதே, நான் காலையில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா