நுண்கடன் கம்பனிகளின் உள்ளக நிர்வாகத்தைப் பரிசோதிக்கக் கோரும் மனு

பணிப்பாளர்,
வங்கியல்லா நிதி நிறுவனங்கள் மேற்பார்வைத் திணைக்களம்,
இலங்கை மத்திய வங்கி, கொழும்பு 01.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

வட்டியைக் குறைக்கச் சொல்லி இம்மனுவை எழுதவில்லை. அதற்கு 2018 இறுதியிலேயே 35 வீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் கம்பனிக்குள் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள் என்றே கேட்கிறோம்.

எங்கள் மகளிர் சேமிப்புக் குழுவின் கணக்கை எழுத வருமுன் ஒரு நுண்கடன் கம்பனியில் ஆறு வருடங்கள் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். தவணைப் பண அறவீடு குறைந்தால் எனக்கும் கொமிஷன் இல்லை, கிளை முகாமையாளருக்கும் இல்லை. ஆகவே கட்ட முடியாதவருக்குப் புதிய கடன் எழுதி, பழையதை அதிலேயே கழித்துக்கொள்வோம். நிலுவை காகிதத்திலிருந்து மறைந்துவிடும். உள்ளகக் கணக்காய்வாளர் வருவார், தேநீர் குடிப்பார், போவார். அவருடைய அறிக்கையும் எங்களுக்கு இலக்கு வைத்த அதே பொது முகாமையாளரிடம்தான் போகும். கம்பனியின் பணிப்பாளர் சபை கண்டதெல்லாம் ‘அறவீடு திருப்தி’ என்ற ஒரு வரி.

சென்ற மாதம் ஆப்பக்கடை நடத்தும் எங்கள் அங்கத்தவர் ஒருவரின் வாசலில் வேறொரு கம்பனியின் உத்தியோகத்தர் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். பிணை நின்ற பக்கத்து வீட்டுப் பெண் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அதுவும் ஒழுங்கான தவணையாகவே பதிவாகியிருக்கும். ஒருநாள் ஒருவருக்கொருவர் பிணை நின்ற கடன் குழு முழுவதும் கட்டாமல் நிற்கும்போது நட்டம் திடீரென வந்ததாகச் சபை நினைக்கும்.

எங்கள் பக்கமும் பிழை உண்டு. மூன்று இடங்களில் கடன் வாங்கிவிட்டு நான்காமிடத்தில் இல்லையென்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் வாங்கிய கடன்களின் பதிவை வைத்திருக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தில் விசாரிக்காமல் அந்த நான்காவது கடனுக்குக் கையெழுத்திட்டது யார்?

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்பு ஏற்பவர்களைக் குறித்தே எழுதப்பட்டது. வெறும் கடன் கொடுப்பவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். உங்கள் அனுமதிப்பத்திரம் உள்ள கம்பனிகளிலாவது கணக்காய்வாளர் நேரே பணிப்பாளர் சபைக்கு அறிக்கையிட வேண்டும். புதுக்கடனால் மூடிய கடன்களைத் தனியே காட்டச் செய்யுங்கள். கொமிஷனை அறவீட்டோடு மட்டும் கட்டிப்போட வேண்டாம். முறைப்பாடுகளும், தமிழில் எழுதியவை உட்பட, சபையின் மேசைக்குப் போகவேண்டும்.

எங்கள் கூட்டம் செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்கு. முன்னறிவித்தல் இல்லாமல் உங்கள் அதிகாரி ஒருவர் வந்து பின்வரிசையில் உட்காரட்டும். தவணைப் புத்தகங்களை நான் எடுத்து வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
மகளிர் சேமிப்புக் குழு,
முகத்துவாரம், கொழும்பு 15.